கல்வித் தகுதி

ஐந்தாவது கட்டத்தில் பேனா நிற்கிறது.

பெயர் எழுதியாயிற்று. ஊர் சந்தூர்.
வயது முப்பத்தொன்று.
கைப்பேசி எண்ணில் ஓர் இலக்கம் பிசகி
மேலெழுதித் திருத்தியும் ஆயிற்று.
மாவட்டக் காலநிலைக் குழுவில் சேர
இந்த ஒரு கட்டம்தான் குறுக்கே கிடக்கிறது.

பி.காம். என்றால் பொய்.
பன்னிரண்டாவது என்றால் அதுவும் பொய்:
மூன்று வருஷம் படியில் தொங்கிப் போய்வந்த
ஏழேகால் பேருந்துக்கு யார் பதில் சொல்வது?
ஒரே ஒரு தாள் நின்றுபோனது எனக்கு.
கணக்குப்பதிவியல் இல்லை. புள்ளியியல்கூட இல்லை.
சுற்றுச்சூழல் கல்வி.
வகுப்பே தூங்கிக்கொண்டு தேறுகிற தாள்.

'பருவநிலை மாற்றத்தின் விளைவுகளை விவரி.'
பத்து மதிப்பெண்.
பாடநூலில் பனிப்பாறை உருகும், கடல் உயரும்,
ஒரு கரடி மெலிந்துபோய் நிற்கும்.
நான் எங்கள் பெங்களூரா மரங்கள் பதினொன்றை எழுதினேன்.
தையில் பூக்க வேண்டியது
கார்த்திகையிலேயே பாதி பூத்து மழையில் கறுத்ததை,
மிச்சம் மாசிக் கடைசியில் பூத்து
பிஞ்சு பிடிக்குமுன் வெயிலில் கொட்டியதை,
குத்தகை எடுத்தவர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு
காலை ஆறு மணிக்கே வண்டியை நிறுத்தி
ஹாரன் அடித்ததை.
மற்ற கேள்விகளுக்கும் மரத்தையே எழுதிவிட்டேன் போல.
இருபத்தேழு வந்தது.
அடுத்த முறை மாங்கூழ் ஆலையில் இரவு ஷிப்ட்,
அதற்கடுத்த முறை கட்டணம் இல்லை,
அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

இப்போது திங்கள்தோறும் கிருஷ்ணகிரியில்
ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிரே, புங்கமரத்தடி.
மனு ஒன்றுக்கு அறுபது ரூபாய்.
பட்டா, விதவை உதவித்தொகை, எல்லைக்கல் தகராறு.
அங்கேதான் பிரணிதா வந்தாள், பொறியியல் இரண்டாமாண்டு,
தோளில் சுருட்டிய பதாகையோடு.
அவர்கள் எழுதிவைத்திருந்த மனுவில்
'நிலைத்த தகவமைப்பு உத்திகள்' இருந்தன.
அடித்துவிட்டு எழுதினேன்:
மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை
குவாரியில் வேலையை நிறுத்த உத்தரவிடுங்கள்.
பூ கொட்டினாலும் காப்பீடு கொடுங்கள்.
காசு வாங்கவில்லை. ஏனென்று இன்னும் தெரியவில்லை.

கூட்டத்தில் ஒவ்வொருவராய் எழுந்து சொன்னார்கள்.
எம்.எஸ்சி. தாவரவியல். சட்டம், இறுதியாண்டு.
திம்மராயன் எழுந்து,
"கல்லு. இருபத்துமூணு வருஷம்" என்றான்.
யாரோ கைதட்ட, அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.
அஞ்செட்டிக் கெம்பம்மா
தான் மூன்றாவதுவரை கன்னடத்தில் படித்தது
இந்தப் படிவத்தில் செல்லுமா என்று கேட்டாள்.
பதில் சொல்ல ஆளில்லை.
தேநீர் வந்தது.

ஊர்வலம் போன வெள்ளிக்கிழமை
பிரணிதாவுக்குப் பரீட்சை.
எழுதாமல் வந்திருக்கிறாள்.
ரவுண்டானா தாண்டித்தான் சொன்னாள்.
என்ன தாளடி என்றேன். வெப்ப இயக்கவியல்.
முதலில் சிரிப்பு வந்தது, பிறகு
ஓங்கி ஒன்று வைக்கத் தோன்றியது.
"நவம்பர்ல எழுதிக்கலாம்க்கா."
எத்தனை நவம்பர் தெரியுமா உனக்கு என்று
நடுரோட்டில் கத்தினேன்.
பின்னால் வந்தவர்கள் அதையும் முழக்கமென்று நினைத்து
எத்தனை நவம்பர், எத்தனை நவம்பர் என்று
திருப்பிச் சொன்னார்கள்.

மனு வாங்கிய எழுத்தர் பக்கங்களைப் புரட்டினார்.
நாற்பத்துமூன்று கையெழுத்து,
அறுபத்தெட்டு கைநாட்டு.
"இதுல டிகிரி எத்தனை?" என்றார்.
"இன்னிக்கு நாப்பத்தொண்ணு" என்றான் திம்மராயன்.
வெயிலைச் சொன்னானோ என்னவோ,
அவர் அதையும் ஓரத்தில் குறித்துக்கொண்டு
எண் போட்டுக் கொடுத்தார்.

அந்த எண்ணை மடித்துப் பர்ஸில் வைத்திருக்கிறேன்.
பிரணிதா படிவத்துக்காகக் கை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.
நெற்றியிலிருந்து ஒரு சொட்டு
ஐந்தாவது கட்டத்தின் மேலேயே விழுந்து
காகிதம் உப்புகிறது.

ஒரு தாள் பாக்கி, என்று எழுதுகிறேன்.

ஆறாவது கட்டம்: இரத்த வகை.
அது தெரியாது.
பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.